சுருதி கூட்ட முடியாத வாத்தியம்

எங்கள் கீரனூர் பழனிப் பக்கத்துக் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர் அல்ல. எதை வாங்குவதென்றாலும் பழனிக்குத்தான் பஸ் ஏறுவோம். நான் முதன்முதலில் புல்லாங்குழல் வாங்கியதும் அங்கேதான், ஒரு பங்குனி உத்திரக் கூட்டத்தில். நீண்ட கம்பின் தலையில் நாலு பக்கமும் குழல்களைச் செருகி, அதைத் தோளில் சாய்த்தபடி ஒருவர் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டே அடிவாரத்தில் வந்தார். காவடி எடுத்து வந்தவர்கள்கூட நின்று கேட்கிற வாசிப்பு. அவர் வாயிலிருந்த அதே குழலையே கேட்டு வாங்கினேன். "கச்சேரியிலயே வாசிக்கலாமுங்ணா" என்றார். 150 ரூபாய்.

முதல் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு மாதம் கழித்து, குழல் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சுருதிப்பெட்டியை ஓடவிட்டு ஒவ்வொரு சுரமாக நிறுத்தி ஊதினார். ஸட்ஜம் சுருதியோடு சேர்ந்தது. பஞ்சமம் சேரவில்லை. மேல் ஸட்ஜம் இன்னும் மோசம். "இதை வெச்சுப் பழகுனா காது கெட்டுப் போகும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் விற்றவர் எப்படி அவ்வளவு இனிமையாக வாசித்தார்? குழல் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குழலைச் சற்றே உதட்டுப் பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும். வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். மெல்ல ஊதினால் இறங்கும், அழுத்தி ஊதினால் ஏறும். பல வருஷம் வாசித்த கைக்கு எந்தத் துளையில் என்ன குறை என்று தெரியும். அந்த இடம் வரும்போது உதடு தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். அடிவாரத்துக்காரர் என்னை ஏமாற்றவில்லை. தன் குழலின் கோணலையெல்லாம் தன் உதட்டால் நிமிர்த்தி வாசித்தார். அந்த உதட்டை நான் வாங்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே கடைக்காரர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் குழலை எடுக்காதீர்கள். அதில் தெரிவது அவர் திறமை.

மற்ற வாத்தியங்களுக்கெல்லாம் வாங்கிய பிறகும் ஒரு வழி இருக்கிறது. வயலினுக்குப் பிரடை இருக்கிறது, முறுக்கிக்கொள்ளலாம். மிருதங்கத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நாதஸ்வரத்தில்கூட சீவாளியை மாற்றலாம், துளையில் மெழுகு வைத்துச் சரிபார்க்கலாம். மூங்கில் குழலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்கித் துளை போட்டுவிட்டால் போட்டதுதான். துளையை ஒரு பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தலாம். சுருதி சற்று ஏறும். அதையும் செய்தவர்தான் செய்ய வேண்டும், நாம் கத்தியை எடுத்தால் கதை முடிந்தது. பார்க்க வேண்டியதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்பு, எந்தக் குழல் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நுனியில் சீழ்க்கை போல வாய் வைத்து நேராக ஊதும் திருவிழாக் குழல் விளையாட்டுச் சாமான். குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள், பாட்டுக் கற்க அதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் பிடித்து ஊதுவதில் இரண்டு வகை. கர்நாடக சங்கீதத்துக்கான குழலில் வாய்த்துளை நீங்கலாக எட்டுத் துளைகள். அவற்றில் ஏழைத்தான் விரல்கள் ஆளும், கடைசித் துளை பொதுவாகத் திறந்தே இருக்கும். வடநாட்டு பான்சுரியில் பெரும்பாலும் ஆறு துளைகள். தெருவில் விற்பவையும் அநேகமாக ஆறு துளைக் குழல்கள்தான், ஏனென்றால் சினிமாப் பாட்டுக்கு அது போதும். இரண்டுக்கும் விரல் வைப்பதே வேறு. நம் குழலில் வாய்ப்பக்கமிருந்து முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம். பான்சுரியில் மூன்றை மூடினால் ஸட்ஜம். ஆறு துளைக் குழலை வாங்கிக்கொண்டு கர்நாடக ஆசிரியரிடம் போய் உட்கார்ந்தால் முதல் நாளே வேறு குழல் வாங்கி வரச் சொல்வார்.

அடுத்தது கட்டை. நம் சுருதிக் கணக்கு ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகள் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை. நடுவே வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மேற்கத்திய எழுத்தில் சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. யாராவது மூன்றரைக் கட்டைக் குழல் என்று நீட்டினால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கட்டை குறையக் குறையக் குழல் நீளும், தடிக்கும், துளைகள் விலகும். கர்நாடக முறை 5 கட்டைக் குழல் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, அதிலும் பிள்ளைகளுக்கு, நாலரை, ஐந்து கட்டையைச் சுற்றியே ஆசிரியர்கள் சொல்வார்கள். பத்து வயதுப் பையனுக்கு நீளக் குழல் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஏழு விரலும் எட்டாது, ஒரு துளையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் சத்தம் வராது. பிள்ளை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக் குழலைப் பரணில் போட்டுவிடும். கச்சேரி மேடையில் நீளக் குழல்களை எடுத்துவந்து மந்திர ஸ்தாயியின் ஆழத்தைக் காட்டியவர் திருவாரூர்க்காரரான என். ரமணி (1934–2015). அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை, கொஞ்ச வருஷம் போகட்டும். முடிந்தால் ஆசிரியர் கையிலிருக்கும் அதே கட்டையிலேயே வாங்குங்கள். அவர் ஊதுவதும் நீங்கள் ஊதுவதும் ஒன்றாகக் கேட்டால்தான் பிசகு எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி என்று போட்டிருந்தால் அது எந்த முறைப்படி ஜி? பான்சுரிக்காரர் மூன்று துளை மூடி வரும் சுரத்தை வைத்து எழுத்துப் போட்டிருப்பார். நம்மவர் இரண்டு துளை மூடி வருவதை வைத்துப் போடுவார். எழுத்து ஒன்றாக இருந்தாலும் குழல் வேறு. கர்நாடகக் குழல், எட்டுத் துளை, இத்தனை கட்டை என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். திருப்பி அனுப்ப வழியில்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

இனி மூங்கில். மலையில் வளரும் எல்லா மூங்கிலும் குழலாகாது. கணுவுக்குக் கணு நல்ல நீளம் வேண்டும், சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், உள்வாய் வட்டமாக வேண்டும். ஏணிக்கும் பந்தலுக்கும் உதவும் கெட்டி மூங்கில் இதற்கு ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் நாணல் போல வளரும் மெல்லிய மூங்கில் வகை உண்டு. கேரளத்தில் அதை ஓட, ஈற்ற என்பார்கள். மலையாளத்தில் புல்லாங்குழலுக்கு ஓடக்குழல் என்று பெயர் வந்ததே அந்த ஓடயிலிருந்துதான். வடக்கே உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் நகரம் பான்சுரிக்குப் பேர்போனது. அங்கே குழலுக்கான மூங்கில் வளர்வதில்லை. அசாமின் சில்சார் பக்கமிருந்து வருகிறது.

குழலுக்கான பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம்மிடம் பழைய கையேடு ஒன்று இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் பாருங்கள். குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து பொருள்களைச் சொல்லி, மூங்கிலை முதலிடத்திலும் வெண்கலத்தை இரண்டாமிடத்திலும் மற்றவற்றைக் கடைசியிலும் வைக்கிறார். மரம் மிக இளசாகவும் கூடாது, மிக முற்றியதாகவும் கூடாது. வெட்டி நிழலில் ஆறப்போட்டு, திருகுகிறதா, பிளக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழித்துத்தான் துளை போட வேண்டும் என்கிறார். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் தருகிறார். இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் நான்கு விரல் என்று அவர் சொல்வது இன்றைக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதேதான்.

அந்த ஓராண்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரம் போகாத மூங்கிலில் துளை போட்டு விற்றுவிட்டால், காயக் காயக் குழல் சுருங்கும், உள்வாய் வட்டம் கெட்டு நீள்வட்டமாகும், சுருதி நகரும், கடைசியில் நீளவாக்கில் கீறல் விடும். எங்கள் சமவெளி மழைமறைவுப் பிரதேசம். சித்திரை வெயிலும் அதை அடுத்து வரும் ஆடிக் காற்றும் வீட்டுக் கதவையே வளைத்துவிடும், குழல் எந்த மூலைக்கு? பச்சை வாடை அடிக்கிற குழல், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற குழல், இரண்டையும் வைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தது வைக்கோல் நிறத்தில், கைக்கு லேசாக இருக்கும். நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்கும். ஈரமானது மொத்தென்று விழும். ஆனால் மேலே வார்னிஷ் பூசி, படம் வரைந்து, பட்டு நூல் சுற்றியிருந்தால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முனைகளில் நூல் கட்டுவது பிளக்காமலிருக்கத்தான், அது நல்லதே. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நூல் கட்டியிருந்தால் அதன் அடியில் கீறல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது குழலைக் கையில் எடுப்போம். கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரை பாருங்கள். கடப்பாரை போல நேராக இருக்க வேண்டியதில்லை, லேசான வளைவு பாட்டைக் கெடுக்காது; முறுக்கல் கூடாது. திறந்த முனையை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பாருங்கள். நார் பிசிறாமல், கணு மேடு இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். மாவு போல மஞ்சள் பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. அந்தக் குழலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாற்காலிக்கும் பரவும். துளைகளின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு கருகி உதிர்ந்தோ கிழிக்கிற மாதிரியோ இருந்தால் விரல் காற்றுப் புகாமல் மூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் வாய்த்துளை. உதட்டிலிருந்து வரும் காற்று அதன் எதிர் விளிம்பில் மோதிப் பிளக்கும்போதுதான் நாதம் பிறக்கிறது. அந்த விளிம்பு மழுங்கியிருந்தால் எவ்வளவு ஊதினாலும் சத்தத்தைவிடக் காற்றே அதிகமாகக் கேட்கும். வாய்த்துளைக்கு அந்தப் பக்கம் குழலை அடைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். சிலவற்றில் மூங்கிலின் கணுவே அடைப்பு, சிலவற்றில் தக்கை. தக்கை ஆடக்கூடாது, அதைச் சுற்றிக் காற்றுக் கசியக்கூடாது. வாய்த்துளையின் நடுவிலிருந்து அடைப்புவரை உள்ள தூரம் ஏறக்குறைய உள்வாயின் அகலம் இருந்தால் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒத்துப்போகும். ரொம்பத் தள்ளியிருந்தால் இரண்டும் சண்டை போடும். என் பழைய குழலுக்கு அந்த நோயும் இருந்தது.

ஊதிப் பார்ப்பது கடைசிச் சோதனை. நீங்கள் இதற்குமுன் ஊதியதே இல்லையென்றால், கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே காலி சோடா பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பழகுங்கள். கிட்டத்தட்ட அதே வேலைதான். இல்லாவிட்டால் நல்ல குழலையும் கெட்டது என்று வைத்துவிட்டு வருவீர்கள். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. அவரிடமும் பாட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சுரத்தையும் ஒரே சீராக, நாலு எண்ணும்வரை நிறுத்தி ஊதச் சொல்லுங்கள். உதட்டையும் குழலையும் அசைக்கக் கூடாது. போனில் தம்புரா ஆப் ஒன்றும், சுருதி காட்டும் டியூனர் ஆப் ஒன்றும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஸட்ஜம், அடுத்து பஞ்சமம், பிறகு மேல் ஸட்ஜம். இந்த மூன்றும் சேர்ந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதன்பின் மற்ற துளைகள். நம் குழலில் துளைகளை அரையும் குறையுமாக மூடாமல் முழுசாக மூடித் திறந்தால் வருவது ஹரிகாம்போதியின் சுரங்கள்; பழந்தமிழ் இசையில் செம்பாலை என்றது அதைத்தான். மிச்ச சுரங்களைத் துளையைப் பாதி மூடி விரலாலேயே வரவழைப்பது. ஆகவே கடையில் ஹரிகாம்போதி சுத்தமாக நின்றால் போதும்.

டியூனரின் முள் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ நின்றால் பயப்படாதீர்கள். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் வெயில் ஏறினால் குழலின் சுருதியும் ஏறும். பத்துப் பாகை கூடினால் அரைச் சுரத்தில் கால் பங்கு வரை ஏறலாம். ஏசி அறையில் துளை போட்ட குழல் எங்களூர் மத்தியானத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே என்று முள் தாறுமாறாக ஆடினால்தான் அந்தக் குழலை வைத்துவிட வேண்டும். ஏழு துளையும் மூடி வரும் கீழ்ச்சுரத்தை மெல்ல ஊதிப் பாருங்கள். அது தயங்காமல் பேசினால் குழலில் எங்கும் கசிவில்லை.

பிவிசி குழாயில் செய்த குழல் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், கேட்கும்போதே வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1971-ல் ஜான் கோல்ட்மேன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், உள் அளவு ஒன்றாகவும் சுவர் மட்டும் வெள்ளி, செம்பு, மரம் என்று வேறாகவும் இருக்கும்படி குழல்கள் செய்து வாசிக்கவைத்தார். கண்ணால் பார்க்காமல் கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழலில் பாடுவது உள்ளே இருக்கும் காற்று. அதன் நீளமும் அகலமும் துளைகளின் இடமும் விளிம்புமே நாதத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அடியார்க்குநல்லார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கும் மூங்கிலின் லேசும், உதட்டு ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும் விதமும்தான் பிடிக்கும். ஆனாலும் சுருதி கெட்ட மூங்கிலைவிட சுருதி சேர்ந்த பிவிசி ஆயிரம் மடங்கு மேல். வெடிக்காது, வண்டு அரிக்காது, பள்ளிக்கூடப் பையில் போட்டு நசுக்கினாலும் பிழைக்கும். பிள்ளைகளுக்கு முதல் வருஷம் அது போதும்.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை. அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சுருதி பார்த்து, ஒவ்வொரு துளையாகப் போட்டுக்கொடுக்கும் கைக்குக் கொடுங்கள். அப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் தாங்களே வாசிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் ஆசிரியருக்கு அவர்களில் ஒருவரையாவது தெரிந்திருக்கும். கட்டை சொல்லிச் செய்யச் சொன்னால் காத்திருக்க வேண்டிவரும், காத்திருங்கள்.

வாங்கியபின் வெயிலில், பைக் பெட்டியில், காரின் கண்ணாடி ஓரத்தில் குழலை வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் மெல்லிய குச்சியில் பருத்தித் துணியைச் சுற்றி உள் ஈரத்தைத் துடைத்து, துணிப்பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் தடவலாமா, எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைச் செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அவர் மூங்கிலுக்கு அவர் சொல்வதுதான் சரி.

இரண்டாவது குழலை நான் பழனியிலேயேதான் வாங்கினேன், இந்த முறை பெரியவரையும் அழைத்துக்கொண்டு. ஒரே கட்டையில் பதினொரு குழல் எடுத்துப் பார்த்தார். பத்தை வைத்துவிட்டார். கடைக்காரர் முகத்தைத் தூக்கவில்லை, "பாத்து எடுங்க, அவசரமில்லீங்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். நீங்களும் பழனியில் வாங்குவதாக இருந்தால் உத்திரமும் பூசமும் வேண்டாம்; கிருத்திகையும் செவ்வாய்க்கிழமையும்கூட வேண்டாம். கூட்டமில்லாத நாளில், மைக் செட் எழுந்திருப்பதற்கு முன், காலை வேளையில் போங்கள். போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு, இயர்போனையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருச் சத்தத்தில் தம்புரா கேட்காது.